கேளுங்கள் சொல்கிறோம்: கோட்டை ஸ்டேசனில் இறங்கிய பிறகு

கொழும்பின் பழைய புகையிரத நிலையங்கள், நூதனசாலைகள், பெயர்பெற்ற கட்டடங்கள் பற்றி வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இம்மாதம் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

தரம் 10 பிள்ளைகள் நாற்பது பேரைக் கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்குக் கூட்டிப் போகிறோம். கோட்டை ஸ்டேசன், தேசிய நூதனசாலை, பழைய பாராளுமன்றம், ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி, சுதந்திர சதுக்கம், தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா?
ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பார்க்கலாம் ரீச்சர், பஸ் யன்னலால். இறங்கி நடந்து பார்ப்பதென்றால் முதலில் மிருகக்காட்சிச்சாலையை வெட்டுங்கள். தெஹிவளைக்குப் போய்வரும் நேரமும் அங்கே நடக்கும் நேரமும் சேர்ந்து அரை நாளை விழுங்கிவிடும். தாமரைக் கோபுரத்தில் மின்தூக்கிக்கு வரிசையில் நிற்க வேண்டிவரும், அதையும் விடுங்கள். மிச்சம் ஐந்தும் ஒரு நாளுக்குள் அடங்கும்.

பள்ளிக்கூடப் பயணங்கள் பெரும்பாலும் குழம்புவது காலையில்தான். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து இரவு ஒன்பது மணிபோல் வெளிக்கிட்ட பஸ் விடியப்புறமே கொழும்புக்குள் வந்துவிடும். நூதனசாலை திறப்பதோ ஒன்பது மணிக்கு. இடையில் பிள்ளைகள் பஸ்ஸுக்குள்ளேயே தூங்கி, முகம் கழுவ இடமில்லாமல், வெறும் வயிற்றோடு நிற்பார்கள். ஆகவே முகம் கழுவ, உடுப்பு மாற்ற ஓர் இடத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிப் பக்கத்துக் கோயில் மண்டபம் அல்லது பாடசாலை என்றால் கடிதம் கொடுத்துக் கேட்கலாம்.

ஆறரை மணிக்குக் காலிமுகத்திடலில் இறங்குங்கள். கடலைப் பார்த்தபடி வரிசையாகத் தூண்கள் நிற்கும் கட்டடம்தான் பழைய பாராளுமன்றம். 1930இல் சட்டசபைக்காகத் திறந்தார்கள். 1982இல் கோட்டேக்குப் போகும் வரை பாராளுமன்றம் இங்கேதான் கூடியது. இப்போது அது ஜனாதிபதி செயலகம் என்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அங்கிருந்து ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி, சத்தாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரம், யோர்க் வீதியின் சிவப்புச் செங்கல் கார்கில்ஸ் கட்டடம் என்று நடந்தால் கோட்டை ஸ்டேசனுக்கு வந்துவிடலாம். வீதிகள் வெறிச்சோடியிருக்கும் எட்டரை மணிக்குள் இந்த நடையை முடித்துவிடுங்கள். துறைமுகம், கடற்படை முகாம், ஜனாதிபதி மாளிகைப் பக்கம் போனில் படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள்.

ஒன்பது மணிக்கு நூதனசாலை. பாடசாலைக் கடிதத்தாளில் மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, அதிபரின் கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்கட்டும். மாணவர் கட்டணத்துக்கு அது வேண்டும். நாற்பது பேரையும் ஒரேயடியாக உள்ளே விட்டால் முன்னால் நிற்கும் எட்டுப் பேருக்குத்தான் நீங்கள் சொல்வது கேட்கும். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் வேறு வேறு கூடத்தில் தொடங்க விடுங்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மத்தியானச் சாப்பாட்டை அருகிலுள்ள விகாரமகாதேவிப் பூங்காவில் வைத்துக்கொண்டு, பிறகு சுதந்திர சதுக்கம். மூன்று மணிக்குப் பஸ் திரும்ப வேண்டும். நான்கு மணி தாண்டினால் கந்தோர் விடும் நெரிசலில் கொழும்பை விட்டு வெளியேறவே இரண்டு மணித்தியாலம் போகும்.

போயா தினத்திலும் மற்ற அரச விடுமுறை நாள்களிலும் நூதனசாலை மூடியிருக்கும். நீண்ட வார இறுதி என்று பார்த்துத் திகதி குறிப்பவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவது இதனால்தான்.

கொழும்பில் மிகப் பழைய ஸ்டேசன் எது? கோட்டையா, மருதானையா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.
ஓய்வுபெற்ற தபாலதிபர், கிளிநொச்சி

இரண்டும் இல்லை, ஐயா. இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. பாதையின் நீளம் 54 கிலோமீற்றர். அடுத்த ஆண்டு அது பொதுமக்கள் சேவையானது. அப்போதைய கொழும்பு நிலையம் மருதானைப் பக்கத்தில் இருந்த ‘கொழும்பு டெர்மினஸ்’. 1906இல் அதன் வேலை முடிந்தது. கட்டடம் இன்றும் புகையிரதத் திணைக்கள வளவுக்குள் நிற்கிறது. ஒரு காலத்தில் அதற்குள் புகையிரத நூதனசாலையும் இருந்தது.

மருதானை நிலையத்தின் இன்றைய கட்டடம் 1908ஆம் ஆண்டளவில் எழுந்தது. கோட்டை நிலையத்தின் இன்றைய கட்டடம் 1917இல் வந்தது. அதன் முகப்பு மான்செஸ்டர் விக்டோரியா நிலையத்தைச் சிறிதாக்கியது போல இருக்கும் என்று சொல்வது வழக்கம். பழமையைத் தேடுகிறவர்கள் தவறவிடுவது கொம்பனித்தெரு நிலையத்தை. சிறிய விக்டோரியா காலக் கட்டடம். கோட்டையிலிருந்து கரையோரப் பாதையில் ஒரு சில நிமிடம்தான்.

கோட்டையில் இறங்குகிறவர்கள் பொதியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுகிறார்கள். ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். மேடைக் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்களை அடியிலிருந்து மேலே பாருங்கள். எத்தனை தலைமுறைப் பூச்சு ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது என்பது பொரிந்த இடங்களில் தெரியும். பிறகு வெளியே வந்து வீதியைக் கடந்து நின்று முகப்பைப் பாருங்கள். வாசலில் நிற்கும் சிலை ஹென்றி ஸ்டீல் ஒல்கொட். 1880இல் இலங்கைக்கு வந்து பௌத்த பாடசாலைகள் உருவாகக் காரணமான அமெரிக்கர். முன்னால் ஓடும் வீதியும் அவர் பெயரில்தான். திரும்ப உள்ளே போக ரிக்கற் வேண்டும், அதனால் முதலில் உள்ளே, பிறகு வெளியே என்று பார்ப்பதே வசதி. வாசலில் நின்றால் இடது கைப்பக்கம் கோட்டை, நேரே வீதியைக் கடந்தால் புறக்கோட்டை.

உங்கள் கிளிநொச்சி நிலையத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்குமான வடக்குப் பாதை 1905இல் முழுமையானது. யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரலில். 1990 ஜூனில் வவுனியாவுக்கு அப்பால் சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குப் போன கதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. இந்திய உதவியோடு பாதையைத் திரும்பப் போட்டபோது ஓமந்தைக்கு 2011 மே மாதத்திலும், கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பர் 14இலும், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13இலும் ரயில் வந்தது. ஓமந்தைக்கு வடக்கே உள்ள நிலையங்கள் ஒரே முகச்சாயலில் இருப்பதற்குக் காரணம், எல்லாம் அந்த ஒரே வேலைத்திட்டத்தில் கட்டப்பட்டவை.

கொழும்பு நூதனசாலையில் சீனர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது என்று வரலாற்று ஆசிரியர் சொன்னார். செயற்திட்டத்துக்காக அதைப் படியெடுக்கலாமா? வாசிக்க முடியுமா?
உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

இருக்கிறது தங்கச்சி. காலி மும்மொழிக் கல்வெட்டு என்பது அதன் பெயர். சீனத் தளபதி செங் ஹ, மிங் பேரரசர் யொங்லவின் கப்பற்படையோடு வந்தபோது நாட்டியது. பொறித்த ஆண்டு 1409. 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது.

ஒரே பலகைக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். உச்சியில் இரண்டு நாகதெய்வ உருவங்கள் போலத் தெரிபவை சீனத்து டிராகன்கள். உங்கள் செயற்திட்டத்துக்குச் சுவையான இடம் எதுவென்றால், மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பு அல்ல. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெய்வத்துக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. காணிக்கைப் பட்டியலோ கிட்டத்தட்ட ஒன்றேதான்: பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய், சந்தனம் என்று போகிறது. எங்கிருந்தோ வந்த கப்பற்காரர் இந்தத் தீவின் கடற்கரையில் யார் யாரை மதிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு, ஒருவருக்கும் குறையாமல் கணக்குப் பண்ணியிருக்கிறார்! தமிழ் அப்போது துறைமுகங்களின் வணிக மொழி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம். அந்தத் தென்னாவரக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

படியெடுக்க, அதாவது தாளை வைத்து மை ஒற்ற, விடமாட்டார்கள். தொடவும் கூடாது. கண்ணால் வாசிப்பதும் இலேசில்லை. கல் தேய்ந்திருக்கிறது, எழுத்து 15ஆம் நூற்றாண்டு வடிவம். நேர் எதிரே நின்றால் வெறும் சாம்பல் நிறப் பலகையாகத்தான் தெரியும். ஒரு பக்கமாக ஒதுங்கி, வெளிச்சம் சரிந்து விழும் கோணத்தில் பாருங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழ வரிகள் எழும்பி வரும். போனில் படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை நிறுத்திவிட்டு அதே சரிவில் எடுங்கள். அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் ஒப்பிட்டால் சில சொற்களையாவது நீங்களே பிடித்துவிடலாம்.

அதே நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த நடராசர், நாயன்மார் வெண்கலங்களையும் விடாமல் பாருங்கள். சுந்தரமூர்த்தி நாயனாரின் முகத்துக்கு முன் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வார்ப்புக் கலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுவீர்கள். கண்டி அரசரின் சிம்மாசனமும் இங்கேதான். 1693இல் ஒல்லாந்த ஆளுநர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் பிரித்தானியர் எடுத்துப் போய், 1934இல் திருப்பித் தந்தார்கள். அதில் கடைசியாக அமர்ந்தவர் நாயக்கர் வம்சத்து ஸ்ரீவிக்கிரமராசசிங்கன்.

நூதனசாலை வெள்ளிக்கிழமை பூட்டு என்கிறார்களே?
மல்லாவி வாசகர்

அது பழைய வழக்கம். இப்போது வெள்ளியிலும் திறக்கிறார்கள். ஆளுநர் வில்லியம் கிரகரி ஆரம்பித்து 1877 ஜனவரி 1இல் திறந்த கட்டடம் அது. வரைந்தவர் ஜே. ஜி. ஸ்மிதர், கட்டிக்கொடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று கேட்டபோது, ஜும்ஆ நாளான வெள்ளியில் நூதனசாலையை மூடிவைக்கும்படி மட்டும் மரைக்கார் கேட்டாராம். நெடுங்காலம் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள்.

நான் மேசன் வேலை செய்பவன். கொழும்பு ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியின் சுவர்கள் முந்நூறு வருசத்துக்கு மேலாக நிற்கின்றன. எங்கள் பக்கத்தில் பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசினால் இரண்டு மாரிக்குள் பொருமி விழுகிறது. காரணம் என்ன? ஒல்லாந்தர் கட்டடம், வெள்ளைக்காரர் கட்டடம் என்று எப்படிப் பிரித்தறிவது?
நெடுங்கேணி வாசகர்

நல்ல கேள்வி, அண்ணை. உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. கபூக்கல்லும் முருகைக்கல்லும் செங்கல்லும் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சீமெந்துப் பூச்சு விடாது. வெளியேற வழியில்லாத நீர் சுவருக்குள் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சீமெந்தை உள்ளிருந்து தள்ளும். தட்டிப் பார்த்தால் பொள்ளென்று சத்தம் கேட்கிற இடம் அதுதான். சீமெந்து இறுகி விறைத்து நிற்கும். பழைய சுவரோ வெயிலுக்கும் குளிருக்கும் கொஞ்சம் அசையும். வெடிப்பு அங்கே தொடங்குகிறது.

திருத்துவதென்றால் சீமெந்தைக் கையுளியால் சிறிது சிறிதாகக் கழற்றுங்கள். துளைக்கும் மெசின் வேண்டாம், கல்லின் முகம் உடையும். மூட்டுகளை இரண்டு சென்ரிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது திரும்ப உள்ளே போய்விடும். ஒரு கோடையாவது சுவரைத் திறந்த மேனிக்குக் காய விடுங்கள். வீட்டுக்காரர் அவசரப்படுவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். அதற்கிடையில் வெளிப்பக்கம் சுவரோடு சேர்த்து மண் உயர்ந்திருந்தால் வெட்டித் தாழ்த்தி, தாழ்வாரத் தண்ணீர் விலகிப் போகக் கான் எடுங்கள். இதைச் செய்யாமல் மேலே என்ன பூசினாலும் வீண்.

கலவை, நன்றாக நீற்றி ஊறவிட்ட சுண்ணாம்புச் சாந்து ஒரு பங்குக்கு ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. சுவரை நனைத்துவிட்டு ஒரு சென்ரிமீற்றருக்குள் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும். அது மெதுவான வேலை. அடுத்த பூச்சுக்கு ஒரு வாரமாவது பொறுங்கள். கடைசியில் வெள்ளையடிப்பும் சுண்ணாம்புதான். மேலே எமல்ஷன் பெயின்ற் அடித்தால் சீமெந்து செய்த அதே பிழையை அது செய்யும். தொல்பொருள் திணைக்களம் பாதுகாத்த கட்டடம் என்றால் எழுத்தில் அனுமதி வராமல் ஓர் ஓட்டைக்கூட அசைக்க வேண்டாம்.

இனிப் பிரித்தறிவது. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி 1681இலேயே இருந்தது. அரை மீற்றர் தடிப்புச் சுவர், உள்ளே முற்றம், முற்றத்தைச் சுற்றி விறாந்தை, பாரமான மர வளை, தாழ இறங்கும் ஓட்டுக் கூரை. வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்துவதற்காகக் கட்டியது. 2011இல் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள், ஆனால் அமைப்பு மாறவில்லை. ஓரமாக உள்ள விறாந்தையில் நின்று வாசல் நிலைக்கும் வெளிச்சுவருக்கும் இடையிலுள்ள ஆழத்தைக் கையால் அளந்து பாருங்கள். பிரித்தானியர் காலக் கட்டடம் வீதியைப் பார்த்து முகம் காட்டும்: உயர்ந்த தூண்கள், வளைவுகள், மாடி, வார்ப்பு இரும்பு, வெளியே தெரியும் செங்கல். சத்தாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை இருக்கும் சென்ரல் பொயின்ற் கட்டடம் நல்ல உதாரணம். 1914இல் முடிந்தது, 1996 குண்டுவெடிப்பில் சேதமடைந்து பிறகு திருத்தியது. வேலை நாள்களில் உள்ளே போகலாம், கட்டணமில்லை, அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள்.

புறக்கோட்டை இளவரசர் வீதியிலுள்ள ஒல்லாந்தர் கால நூதனசாலை, ஆளுநர் தோமஸ் வன் றீயின் வீடாக 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. பிறகு அது குருமடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் தபாற்கந்தோராகவும் இருந்து 1982இல் நூதனசாலையானது. திருத்த வேலைக்காக மூடும் காலங்கள் உண்டு. திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். வுல்ஃபெண்டால் தேவாலயமும் (1749–1757) உங்கள் தொழிலுக்கு ஏற்ற பாடம்.

அப்பா காலத்தில் கொழும்பில் எடுத்த ஒரே ரிக்கற்றில் மதராசுக்குப் போனார்களாம். தலைமன்னாரிலிருந்து ரயிலே கப்பலில் ஏறியதா?
முருங்கன் வாசகர்

ரிக்கற் ஒன்று, ரயில் இரண்டு, நடுவில் கப்பல். 1914இல் தொடங்கிய ‘போட் மெயில்’ சேவை அது. கொழும்புக் கோட்டையில் இரவு ஏறி, மதவாச்சியால் திரும்பி, தலைமன்னார் இறங்குதுறையில் இறங்குவார்கள். அங்கே இர்வின், கோஷன் போன்ற கப்பல்கள். அக்கரையில் தனுஷ்கோடியில் ஏறினால் சென்னை எழும்பூர்.

ரயில் பெட்டியைக் கப்பலில் ஏற்றியிருந்தாலும் பயன் இருந்திராது. இலங்கைப் பாதை 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை; பாம்பன் – தனுஷ்கோடிப் பாதை 1000 மில்லிமீற்றர். சில்லு பொருந்தாது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. 1980களில் யுத்தத்தோடு அதுவும் நின்றது.

ரயில் 2015 மார்ச்சில் தலைமன்னார் இறங்குதுறைக்குத் திரும்ப வந்தது. பழைய இறங்குதுறையின் இரும்பும் பக்கத்து வெளிச்சவீடும் பார்க்கத் தகுந்தவை. துருப்பிடித்த சட்டங்களில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள்.

புகையிரத நூதனசாலை கொழும்பிலா இருக்கிறது? வன்னியிலிருந்து ரயிலிலேயே போகலாமா?
செட்டிகுளம் வாசகர்

கொழும்பிலிருந்து போய்விட்டது. 2014 டிசம்பர் 27, அதாவது முதல் ரயில் ஓடி 150 ஆண்டு நிறைந்த நாளில், கடுகண்ணாவையில் தேசிய புகையிரத நூதனசாலையைத் திறந்தார்கள். ஸ்டேசனோடு ஒட்டியே இருக்கிறது. நீராவி இயந்திரங்கள், பழைய டீசல் இயந்திரங்கள், பெட்டிகள், சமிக்ஞைக் கருவிகள் எல்லாம் உண்டு.

கொழும்பு வரை போகத் தேவையில்லை. மதவாச்சியில் மாறி வடக்குப் பாதை ரயிலில் பொல்காவலைச் சந்தியில் இறங்கி, கண்டிப் பக்கம் போகும் ரயிலில் ஏறுங்கள். ஏறுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கடுகண்ணாவையில் நிற்குமா? எல்லாக் கடுகதியும் அங்கே நிற்பதில்லை. நிற்காததில் ஏறினால் பேராதனை போய்த் திரும்ப வேண்டிவரும். றம்புக்கணையிலிருந்து ஏற்றம் தொடங்கும். 45 அடிக்கு ஓரடி உயரும் பாதை. அதை ஏறிய இயந்திரங்களைத்தான் மேலே போய்ப் பார்க்கப் போகிறீர்கள். ஒதுக்கிய ஆசனம் வேண்டுமென்றால் பயணத்துக்கு 30 நாள் முன்பே பதிவு திறக்கும். நீண்ட விடுமுறைக்கு முந்திய நாள்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் இங்கே எழுதவில்லை. அரசாங்கத் தகவல் நிலையம் 1919, தமிழிலும் பேசலாம்.

நடு ரோட்டில் வெளிச்சவீடு ஏன்?
தரம் 8 மாணவன், முல்லைத்தீவு

தம்பி, நீ கேட்பது கோட்டைச் சத்தாம் வீதியில் நிற்பதை. அது முதலில் மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் கட்டினார்கள், வடிவம் தந்தவர் ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி. அப்போது கோட்டையில் உயரமான கட்டடம் அதுதான் என்பதால் உச்சியில் வெளிச்சத்தையும் ஏற்றினார்கள். இப்போதுள்ள மணிக்கூடு 1914இல் வந்தது. சுற்றிவரக் கட்டடங்கள் உயர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் வெளிச்சவீட்டு வேலையை நிறுத்தினார்கள். புறக்கோட்டை முகப்பில் இன்னொரு மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. 1923இல் கான் என்ற பார்சிக் குடும்பம் கட்டியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கொழும்பில் கோயிலும் நூதனசாலையும் பார்க்க ஆசைப்படுகிறா. எப்படிக் கூட்டிப் போவது?
வவுனியா வாசகி

கோட்டையில் மேடையிலிருந்து வாசலுக்கு வருவதற்கு மேம்பாலப் படிதான் பெரிய தொல்லை. சனம் இறங்கிப் போகும்வரை ஐந்து நிமிடம் ஆசனத்திலேயே இருந்துவிட்டு மெதுவாக ஏறச் சொல்லுங்கள். நிலைய உத்தியோகத்தரிடம் முதலே சொன்னால் உதவிக்கு ஆள் தருவார்கள். பெரிய பையை அங்கேயே பொதி காப்பகத்தில் விடுங்கள்.

நூதனசாலைக்கு 138 பஸ் போகும், ஆனால் அம்மாவோடு என்றால் மீற்றர் போட்ட ஓட்டோ நல்லது. கீழ்த்தளத்தை மட்டும் பார்த்தாலே போதும். வெண்கலங்களும் கற்சிற்பங்களும் அங்கேதான். கோயிலென்றால் கொட்டாஞ்சேனை பொன்னம்பலவாணேஸ்வரம். 1857இல் எழுந்த கோயிலை சேர். பொன். இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். காலைப் பூசையோடு போனால் கல் குளிர்ந்திருக்கும். மத்தியானத்தில் வெளிவீதிக் கல் வெறுங்காலைச் சுடும். காலையில் கோயில், பதினொரு மணிக்கு நூதனசாலை. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களையும் இரண்டாம் குறுக்குத் தெருச் சிவப்புப் பள்ளிவாசலையும் (1909) ஓட்டோவிலிருந்தே காட்டலாம். புறக்கோட்டை நெரிசலில் ஞாயிறு தவிர வேறு நாளில் அம்மாவை இறக்க வேண்டாம்.

இவ்வளவும் கொழும்பிலா? வன்னிக்குள் பார்க்க ஒரு பழைய கட்டடமும் இல்லையா?
மாங்குளம் வாசகர்

கோபம் நியாயம்தான், ஆனால் இருக்கிறது. வவுனியா நகரிலேயே தொல்பொருள் நூதனசாலை உண்டு. கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் பிரித்தானியப் படைத் தளபதி வொன் டிறிபேக்கிடம் தோற்றதாகச் சொல்லும் நினைவுக்கல்லின் இடம் இருக்கிறது. ஒட்டுசுட்டான் ரீச்சர் பிள்ளைகளைக் கொழும்புக்கு ஏற்றுமுன் அங்கே கூட்டிப்போகலாம். மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயர் 1560இல் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது.

எங்கள் தெரிவு அரிப்பு. முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கப் பாணியில் கட்டிய டொரிக் மாளிகையின் செங்கற் சுவர்கள் கடலோர மேட்டில் நிற்கின்றன. பக்கத்துச் சிறு கோட்டை, கண்டியிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679இல் வந்து சேர்ந்த இடம். கடல் மேட்டை அரித்துக்கொண்டே வருவதால் விளிம்புக்குப் போகாதீர்கள். நிழலில்லை, கடையில்லை, தண்ணீரும் தொப்பியும் கொண்டு, காலை ஒன்பது மணிக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சிலாவத்துறையில் சாப்பிடலாம்.